மூணாம் டேபிளுக்கு ஒரு சங்கரா

நாகமுத்து பாரின் இரும்புக் கதவை இழுத்து மூடி நாலு நாளாகிவிட்டது. இருந்தாலும் நாலு மணி ஆனால் கலியமூர்த்தியின் கால்கள் தாமாகச் செருப்பைத் தேடின. முதல் நாள் மறந்துபோய் வந்துவிட்டார் என்று சொல்லலாம். அடுத்த இரண்டு நாளும் அப்படிச் சொல்ல வழியில்லை. கடலூர் ரோட்டின் எதிர்ப்பக்கம் வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறு மணிக்கு, வழக்கமாகத் தட்டு காலியாகும் நேரத்துக்கு, எழுந்து அறைக்குப் போனார். இன்று உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பாரை ஒட்டிய சந்திலிருந்து அஞ்சலாட்சி வந்தாள். கையில் ஒரு சாக்குப் பை, பைக்குள் கனமாக ஏதோ. அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பதினாலு வருஷமாக அவர் பார்த்து வந்தது அவளுடைய வலது கையை மட்டும்தான். சமையல்கட்டுக்கும் பாருக்கும் நடுவே சுவரில் ஒன்றரை அடிக்கு ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விடும் கை, முழங்கைக்குக் கீழே மட்டும், இரண்டு கறுப்பு ரப்பர் வளையலோடு. இப்போது கைக்கு மேலே தோளும், தோளுக்கு மேலே வெளுத்த தலையுமாக ஒரு முழு மனுஷி ரோட்டைக் கடக்கிறாள். இவ்வளவு குள்ளமாகவா இருந்தாள். அதற்கு முன் இருபத்தோரு வருஷம் தன்னோடு ஒரே கூரைக்குக் கீழ் பெண்டாட்டியாக இருந்தவளின் உயரம் தனக்குத் தெரியவில்லையே என்று ஒரு கணம் திக்கென்றது. அவள் பஸ் நிறுத்தத்துக் கல் பெஞ்சில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பாகூர் பஸ் அஞ்சு பத்துக்கு. அவள் தம்பி வீடு பாகூரில். அதற்குள் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், நாலு நாளாக வாய்க்குள் உருட்டி உருட்டி வழுவழுப்பாகிவிட்டது: கடை மூடிட்டாங்க அஞ்சல, இனிமே தெனம் ஒரு வேளை உன் கையால சோறு போடு, நீ எங்க இருக்கியோ அங்க வந்து வாசல்ல குந்தித் துன்னுட்டுப் போயிடறேன், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். இதைச் சொல்லிவிட்டால் போதும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்க அவர் தன்னை அனுமதிக்கவில்லை. யோசித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

தொண்டை அடைப்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. நாலு நாளாக உண்மையாகவே எதுவும் இறங்கவில்லை. சைக்கிள் கடை மாடியில் அவருடைய அறை, அடுப்பு கிடையாது. காலையில் டீயும் பன்னும், மதியம் எதுவும் கிடையாது, நாலரை மணிக்கு நாகமுத்து பாரில் ஒரு கட்டிங், அதற்குத் துணையாக ஒரு சங்கரா மீன் வறுவல், இரண்டு கரண்டி சோறு, ரசம். இதுதான் வருஷக்கணக்காக அவர் உடம்பு. கட்டிங் ஒரு சாக்கு. குடிக்காமல் டேபிளில் உட்கார முடியாது என்பதால் குடித்தார். ஒருகாலத்தில் குடிப்பதற்காகத் தின்றவர், பிறகு தின்பதற்காகக் குடித்தார். இதை யாரிடமும் சொன்னால் சிரிப்பார்கள், ஆகவே சொன்னதில்லை. கடை மூடிய மறுநாள் மார்க்கெட் பக்கத்து ஹோட்டலில் மீன் சாப்பாடு வாங்கினார். மீனைப் பிட்டதும் உள்ளே நடுமுள் வெள்ளையாகச் சீப்புப் பல் மாதிரி நின்றது. அதைப் பார்த்ததும் முதுகு வியர்த்தது. இலையை மூடிவிட்டு எழுந்தார். ஏன் சார், மீன் நல்லா இல்லையா என்று பரிமாறுகிறவன் கேட்டான். மீன் நன்றாகத்தான் இருந்தது. முள்தான் இருந்தது. நாகமுத்து பாரில் அவர் தட்டுக்கு வருகிற சங்கராவில் முள் இருக்காது. வயிற்றுப் பக்கம் கீறி, நடுமுள்ளை முழுசாக உருவி எடுத்துவிட்டு, திரும்ப மூடி மசாலா தடவி வறுத்திருக்கும். பார்த்தால் முழு மீன், விரல் வைத்தால் பஞ்சு. எத்தனை நுணுக்கமான வேலை அது. யாருக்கு அதெல்லாம் செய்வார்கள். அந்த நினைப்பு அவரை எழுப்பி நிறுத்தியது. ரோட்டோரமாக நடந்து பெஞ்சின் மறுமுனையில், சாக்குப் பைக்கு இந்தப் பக்கம், உட்கார்ந்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதுபோல, இத்தனை கிட்டத்தில் இருப்பவரைப் பார்த்தாள். “நீங்களா” என்றாள். “நல்லா இருக்கீங்களா.” மாமா என்று வரும் என அவர் எதிர்பார்த்திருந்தார் என்பது அந்தச் சொல் வராதபோதுதான் தெரிந்தது. அத்தை மகள் அவள், பாவாடை கட்டிய வயசிலிருந்து மாமா என்று கூப்பிட்டவள். கோர்ட்டில்கூட, ஜட்ஜ் அம்மா முன்னால்கூட, மாமா கிட்டே கேளுங்கம்மா என்றுதான் சொன்னாள். இப்போது வெறும் நீங்க. கடைக்கு வருகிறவர்களைச் சொல்கிற நீங்க. “இருக்கேன்” என்றார். “இன்னா அது பையில.” “அருவாமனை. என்னோடது. அம்மா வூட்டுலேருந்து கொண்டாந்தது. எல்லாத்தயும் எடைக்குப் போடப் போறாங்களாம், மொதலாளி மருமவப் பொண்ணு போன் பண்ணிச்சு, வந்து எடுத்துக்கன்னு.” நாகமுத்து முதலாளி போன மாசம் காலமானார். பையன்கள் இரண்டு பேரும் பாரை நடத்த இஷ்டமில்லாமல் இடத்தை விற்றுவிட்டார்கள். அதெல்லாம் ஊருக்கே தெரியும். “மொதலாளி இருந்தவரைக்கும் ஒரு மாதிரி” என்றார் கலியமூர்த்தி. “ஆமா” என்றாள் அவள். வாக்கியம் தொண்டைவரை வந்து, வெளியே எட்டிப் பார்த்து, திரும்ப உள்ளே போய்விட்டது. முதலில் பழசைக் கொஞ்சம் பேச வேண்டும், பேசிப் பேசி இளக்க வேண்டும், ஆறிப்போன எண்ணெயில் மீனைப் போட முடியுமா. நேரம் இருக்கிறது. நாலே முக்கால்கூட ஆகியிருக்காது. ரயில்வே கேட் பக்கம் பஸ் எதுவும் கண்ணில் படவில்லை.

அவர்தான் அவளை அந்த அடுப்படிக்குக் கொண்டுபோய் விட்டவர். கல்யாணமாகி நாலாம் வருஷம், மில்லில் இருந்த காலம். ஷிப்ட் முடிந்து பாருக்கு வந்து உட்காரும்போது பக்கத்தில் இருந்த நாலு பேரிடம், இதெல்லாம் ஒரு வறுவலா, எங்க வூட்டுல வந்து துன்னு பாருங்கடா என்று பெருமை அடிப்பார். ஒருநாள் அது முதலாளி காதில் விழுந்தது. சமையல்காரன் சொல்லாமல் ஓடிப்போன வாரம் அது. கலியா, ஒரு பத்து நாளைக்கு ஒன் சம்சாரத்த அனுப்பு, பின்பக்கமா வந்து பின்பக்கமா போவட்டும், ஒரு பய மொகத்தப் பாக்க மாட்டான் என்றார். பத்து நாள், அவர்கள் பிரிவதற்குள்ளேயே பதினேழு வருஷம் ஆயிற்று. மில் போனது. அதற்குப் பிறகு அவர் காலையிலேயே வந்து உட்கார ஆரம்பித்தார். புருஷன் சுவருக்கு இந்தப் பக்கம், பெண்டாட்டி சுவருக்கு அந்தப் பக்கம். சப்ளையர் தேவராசு ஜன்னலில் தலையை விட்டு, மூணாம் டேபிளுக்கு ஒரு சங்கரா என்று கத்துவான். யார் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். மூணாம் டேபிள் சுவரோரம், ஜன்னலுக்கு நேரே, மற்ற டேபிள்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். அதற்கு மாப்பிள்ளை சீட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வந்துட்டாரு, இலையப் போடுங்கடா என்று பின்னாலிருந்து குரல் வரும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பக்கத்தில் இருப்பவன் என்ன குடிக்கிறான், என்ன தின்கிறான் என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. அதைத் தன் நல்ல குணங்களில் ஒன்றாக வைத்திருந்தார். அந்த டேபிளில்தான் ஒருநாள் சங்கரா முள் தொண்டையில் குறுக்கே மாட்டியது. மூச்சு நின்று, கண் பிதுங்கி, கை டேபிளைப் பிறாண்ட, முதலாளி அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அஞ்சலாட்சி கரண்டியோடு பின்னாலேயே ஓடிவந்தாள் என்று பிறகு சொன்னார்கள். மறுவாரத்திலிருந்து மீனில் முள் இல்லை.

“அந்த முள்ளு சிக்கின அன்னைக்கி” என்று ஆரம்பித்தார். அவளுக்கு உடனே முகம் மாறியது, சிரிப்பு மாதிரி. “அய்யோ. கரண்டியக் கையில வச்சுக்கிட்டே ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல்ல நர்சு கேக்குது, இது எதுக்கும்மான்னு.” “இன்னா சொன்ன.” “இன்னா சொல்றது. எண்ணெ சொட்டிக்கிட்டு இருந்துச்சு. புடவையெல்லாம் எண்ணெ.” “தேவராசு சொன்னான், அடுப்புல போட்டிருந்த ரெண்டு மீனு கரிஞ்சு போச்சுன்னு.” “மூணு” என்றாள். “அதுக்கும் ஒருத்தன் சண்டை போட்டான், எம் மீனு எங்கடான்னு. மொதலாளி வந்து, மனுசனே போவத் தெரிஞ்சாரு, ஒனக்கு மீனு கேக்குதாடான்னு வச்சாரு பாரு ஒண்ணு.” இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவருக்குள் ஏதோ நெகிழ்ந்தது, இதோ, இதுதான் நேரம் என்று தோன்றியது, ஆனால் அதே கணத்தில் கோர்ட் நினைவு குறுக்கே வந்துவிட்டது. அவள்தான் கேட்டாள் பிரிவை. அவர் அடித்ததில்லை, வைததில்லை, வேறு பெண்ணைப் பார்த்ததில்லை. பின்னே என்னம்மா குறை என்று ஜட்ஜ் அம்மா கேட்டார். இவர் தட்டோட பேசுவாரும்மா, என்னோட பேச மாட்டாரு என்று சொன்னாள். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டோம் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறார். யோசித்தால் வருகிற பதில் ஒன்றுதான்: பேனாவைப் பிடித்திருந்தபோது அவர் மனசில் இருந்தது, எப்படியும் சாயங்காலம் தட்டு வரும் என்பது. எங்கே போய்விடப் போகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம்தானே. அவள் முதலாளி மூலமாக ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள்: அவரு வரட்டும், குடிக்கட்டும், ஆனா அடுப்படிப் பக்கம் வரக்கூடாது, எங்கிட்ட பேசக்கூடாது. அதை அவர் மீறவே இல்லை. ஒருநாளும் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பின்சந்துப் பக்கம் போகவில்லை. யாரிடமும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அதுவும் பேச்சுதானே. கோர்ட் முடிந்த அன்று சாயங்காலம் மூணாம் டேபிளில் உட்கார்ந்தார். இன்று மீன் முள்ளோடு வரும், வந்தால் எழுந்து போய்விட வேண்டும், இனி வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். தட்டு வந்தது. விரலை வைத்தார். பஞ்சு. அந்த மீனைப் பார்த்து அவர் அழுதது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாது, முதுகுதானே தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விரலை வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் அவள் ஆமாம் என்று சொன்னாள். தாலி போன பிறகும் கையில் அந்த இரண்டு வளையல் இருந்தது. அதையும் கணக்கில் வைத்திருந்தார்.

“அஞ்சல” என்றார். “நான் தெனம் அந்தத் தட்டுக்காகத்தான் வந்தேன்.” அவள் சாக்குப் பையின் வாயைச் சுருட்டினாள். “நீ என்னோட பேசல. சரி. ஆனா பதினாலு வருசமா ஒரு நாளு தவறாம முள்ள எடுத்துட்டுத்தான் அனுப்பின. அதுக்கு நான் இன்னா கைமாறு...” அவள் முகத்தைத் திருப்பி அவரை மறுபடியும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “பதினாலு வருசமா” என்றாள். “ஏங்க, நான் அங்க வேலைய வுட்டு ஆறு வருசம் ஆவுதே. உங்களுக்குத் தெரியாதா.” ஒரு லாரி போயிற்று. லாரிச் சத்தத்தில் தப்பாகக் காதில் விழுந்திருக்கலாம் என்று அவர் லாரி போகும்வரை காத்திருந்தார். “கண்ணுல சதை வளந்து ஆபரேசன் பண்ணாங்க. அடுப்புச் சூடே ஆவாதுன்னுட்டாங்க. தம்பி வந்து கூட்டிக்கிட்டுப் போனான். அப்புறம் ஆதிலட்சுமின்னு ஒண்ணு, முருங்கப்பாக்கத்துப் பொண்ணு, அதான் பாத்துக்கிச்சு.” “தட்டு வந்துதே” என்றார். “வந்திருக்கும்.” “வளையலு.” “அதுவா. கண்ணாடி வளையலு ஒடைஞ்சு மீன்ல வுழுவுதுன்னு மொதலாளியம்மா ரெண்டு ரப்பர் வளையலு வாங்கி ஆணியில மாட்டி வச்சிருந்தாங்க. அடுப்படியில யாரு நிக்கிறாங்களோ அவுங்க மாட்டிக்குவாங்க. நான் போறப்ப கழட்டி அந்த ஆணியிலயே மாட்டிட்டு வந்தேன்.” அவர் வாய் திறந்திருந்தது. கேட்க வேண்டாம், இதைக் கேட்காதே, எழுந்து போய்விடு என்று ஒரு பக்கம் மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் கேட்டுவிட்டது: “முள்ளு.” அவளுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்று இப்போதுதான் விளங்கியது போல. “அது எல்லா டேபிளுக்கும் எடுத்துத்தாங்க அனுப்புவோம்” என்றாள் மெதுவாக. “உங்களுக்குச் சிக்கிச்சே, அந்த வாரமே மொதலாளி சொல்லிட்டாரு. குடிச்சவன் வாயில முள்ளு தெரியாது, ஒருத்தனுக்கும் முள்ளோட போவக் கூடாதுன்னு. நாகமுத்து பாருன்னா முள்ளில்லாத மீனுன்னு ஊரே சொல்லும். அதுக்குத்தான் கூட்டமே. நீங்க அடுத்த ஆளு தட்டப் பாத்ததே இல்லியா.”

பார்த்ததே இல்லை. எல்லாத் தட்டிலும் முள் இல்லாத மீன். பின்னால் முப்பது பேர், நாற்பது பேர், எல்லாரும் விரலை வைத்திருப்பார்கள், எல்லாருக்கும் பஞ்சு, லாரி ஓட்டுகிறவனுக்கும் பஞ்சு, வாடகை வாங்க வருகிறவனுக்கும் பஞ்சு, அவர் ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறார். ஆறு வருஷம். ஆறு வருஷம் என்றால் இரண்டாயிரத்துக்கு மேல் தட்டு. முருங்கப்பாக்கத்துப் பெண்ணின் கையைப் பார்த்து மனசுக்குள், உடம்பு தேவலையா, இன்னைக்குக் கை மெலிஞ்சிருக்கே என்று கேட்டிருக்கிறார். மெலிந்துதான் இருந்தது, அது வேறு கை. எந்த நாள் மாறியது. அந்த நாளைக் கண்டுபிடித்துவிட வேண்டும் போல ஒரு வெறி வந்தது, அதற்கு முன்னால் இருப்பதையாவது பத்திரப்படுத்திக்கொள்ளலாம். ருசி மாறியிருக்காதா. அவள் கை ருசி ஆயிரம் பேரில் தெரியும் என்று பெருமை அடித்தவராயிற்றே. ஒருநாள் மீனில் உப்புத் தூக்கலாக இருந்தது. ஆமாம். தாங்க முடியாத உப்பு. அன்று அவர், ஏதோ கோபத்தில் இருக்கிறாள், நேற்று நான் வரத் தாமதம் ஆனதற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டார். கோபம் இருந்தால் உறவு இருக்கிறது என்று அந்த உப்பு மீனை மிச்சம் வைக்காமல் தின்றார். ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். புதுச் சட்டை ஒன்று எடுத்தார். அது ஆதிலட்சுமி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அளவு தெரியாமல் உப்புப் போட்டிருக்கிறாள். தன் ஆயுளில் கடைசியாகச் சந்தோஷமாக இருந்த ஒரு வாரத்தை இப்போது ஒரு தெரியாத பெண்ணிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு வருஷம் மட்டும் என்ன. அவள் கைதான், ஆனால் எல்லார் தட்டுக்கும் போன கை. இப்படி ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போனால் என்ன மிஞ்சும் என்று பயமாக இருந்தது, உருவாமலும் இருக்க முடியவில்லை. “மொகம் ஏன் இப்பிடிப் போவுது” என்றாள் அவள். “தண்ணி வேணுமா. பையில வச்சிருக்கேன்.” வேண்டாம் என்று தலையாட்டினார். தண்ணீரும் இறங்காது.

மணி அஞ்சு அடித்திருக்கும். வாக்கியம் இன்னும் உள்ளே இருந்தது. அதற்குக் காரணமாக இருந்ததெல்லாம் போன பிறகும் அது மட்டும் அப்படியே, நாலு நாளாக உருட்டிய வழுவழுப்போடு இருந்தது. வெட்கம் இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வெட்கத்துக்கு இப்போது என்ன வேலை. நாளைக்கு நாலு மணிக்குக் கால்கள் செருப்பைத் தேடும். எங்கே போகும். மதகில் உட்கார்ந்தால் எதிரே இடித்துக்கொண்டிருப்பார்கள். “இனிமே போடு” என்றார். அப்படித்தான் வந்தது, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல். “இன்னாது.” “சோறு. தெனம் ஒரு வேளை. மீனு கூட வேணாம், ரசம் போதும். நான் பாகூருக்கு வந்துடறேன். வாசல்ல குந்திக்கிறேன். நீ பேச வேணாம். ஒண்டியா என்னால ஆவல அஞ்சல. இந்த நாலு நாளுல எனக்குத் தெரிஞ்சு போச்சு, நான் செத்துடுவேன்.” சொல்லிவிட்டார். அவள் ரோட்டைப் பார்த்தாள். ரயில்வே கேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது. “நானே தம்பி வூட்டுல ஒரு மூலையில கெடக்கறேன்” என்றாள். “தம்பி பொண்டாட்டி போடறதைத்தான் துன்றேன். அடுப்புகிட்டயே வுடாது அது.” “கேட்டுப் பாரு.” “கேக்கலாம்.” அவர் பக்கம் திரும்பினாள். “ஒண்ணு சொல்லுங்க. அத சொல்லிட்டீங்கன்னா தம்பி பொண்டாட்டி கால்ல வுழுந்தாச்சும் உங்களுக்கு ஒரு வேளை சோத்துக்கு வழி பண்றேன். எனக்கு இன்னா புடிக்கும்?” அவர் விளங்காமல் பார்த்தார். “துன்றதுக்கு. நான் ஆசையா இன்னா துன்னுவேன். இருபத்தோரு வருசம் வூட்டுல இருந்தேனே.” குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல, கண்ணைச் சுருக்காமல், அவர் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

இவ்வளவுதானா என்று முதலில் நிம்மதியாக இருந்தது. இதோ சொல்லிவிடலாம். மீன். எந்த மீன். அவள் மீன் தின்று பார்த்திருக்கிறாரா. கல்யாணத்தில் ஒரே இலையில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், எல்லாரும் சுற்றி நின்று கேலி செய்தார்கள், இலையில் ஜாங்கிரி இருந்தது, அதைப் பிட்டு அவர் வாயில் அவள் வைத்தாள், அவள் கையில் மருதாணி இருந்தது. பிறகு அவள் என்ன எடுத்தாள். குனிந்த தலைதான் தெரிகிறது, அதற்குக் கீழே வாய் தெரியவில்லை. வீட்டில் அவள் பரிமாறுவாள், அவர் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வெளியே போவார், திரும்பி வரும்போது பாத்திரங்கள் கவிழ்த்திருக்கும். நடுவில் அவள் சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிடாமலா இருபத்தோரு வருஷம். திருவந்திபுரம் கோயிலுக்குப் போனபோது கட்டுச்சோறு கொண்டுபோனார்கள், மரத்தடியில் உட்கார்ந்து அவர் தின்றார், புளிசாதம், அவள் குரங்கை விரட்டிக்கொண்டிருந்தாள். பாரில் அடுப்படி. அங்கே என்ன தின்றாளோ. தேடத் தேட எல்லா இடத்திலும் அவள் கை வந்தது, போடுகிற கை, ஊற்றுகிற கை, நீட்டுகிற கை. அவள் வாய் ஒரு இடத்திலும் மெல்லவில்லை. அப்போது ஒன்று கிடைத்தது. அவள் ஒருமுறை கேட்டாள். வாய் திறந்து கேட்டாள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்த நாலு மாசமோ என்னவோ, பிறகு தங்காமல் போய்விட்ட அந்தப் பிள்ளை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, மாமா, அது துன்னணும் போல இருக்குது, வாங்கியாறியா என்றாள். அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தூறிக்கொண்டிருந்தது. கடலூர் ரோட்டுத் திருப்பத்தில் சேறு. பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நடந்தார். நாகமுத்து பார் வாசலில் ஒருத்தன், கலியா, மழையில எங்கடா போற, உள்ள வா என்றான். உள்ளே போனார். மழை விடுகிறவரைக்கும் என்று போனார். பை நனைந்திருந்தது, சேறு, கூப்பிட்டவனின் பெயர் அமிர்தலிங்கம், அவன் போட்டிருந்த கோடு போட்ட சட்டை, எல்லாம் கண்முன் நிற்கிறது. என்ன வாங்கப் போனார். அது. அது துன்னணும் போல இருக்குது. அது என்ன. மாங்காயா, நாவல்பழமா, அது உருண்டையாக இருக்குமா, கடையில் பொட்டலம் கட்டுவார்களா, எண்ணெயில் பொரிப்பார்களா. மாமா, என்று அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது, வாங்கியாறியா என்பதும் கேட்கிறது, நடுவில் ஒரு சொல் இருந்த இடத்தில் மழைச் சத்தம். அதை அவர் வாங்கவே இல்லை. கையால் தொடாத பண்டத்துக்கு ஞாபகம் எங்கிருந்து வரும். அவர் மறுபடியும் கட்டிலிலிருந்து ஆரம்பித்தார், பையை எடுத்தார், திருப்பத்துக்கு வந்தார், வேகமாக, அந்தச் சொல்லின் பக்கத்தில் வரும்போது வேண்டுமென்றே மெதுவாக, திடுக்கென்று பிடித்துவிடலாம் என்பதுபோல. ரயில் கடந்து போயிற்று. கேட் தூக்கினார்கள்.

பஸ் வந்து நின்றது. அவள் எழுந்தாள். பையை அவர் தூக்கிக் கொடுத்தார், அருவாமனை கனத்தது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு அவள் திரும்பி நின்றாள், காத்திருந்தாள் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. “ஏறும்மா, ஏறு, ஆத்தா வந்து தூக்கி வுடணுமா” என்றான் கண்டக்டர். மாங்காய் என்று சொல்லிவிடலாமா. எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் மாங்காய் பிடிக்காது, பொருந்திவிடும். நாக்கு நுனியில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். “தெரியல” என்றார். அவள் தலையை ஆட்டினாள், கேட்ட சாமான் கடையில் இல்லை என்று சொன்னால் ஆட்டுவதுபோல. “உடம்பப் பாத்துக்குங்க” என்றாள். ஏறினாள். பஸ் கிளம்பி, புகை கலைந்து, திருப்பத்தில் மறைந்தது.

மறைந்த பிறகுதான் தோன்றியது. கேட்டிருக்கலாம். தெரியல, நீயே சொல்லு, ஒனக்கு இன்னா புடிக்கும் என்று அவளிடமே கேட்டிருக்கலாம். கேட் மூடியிருந்த அத்தனை நேரமும் அவள் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ரயிலில் எத்தனை பெட்டி, அத்தனையும் போகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள். கேட்டால் சொல்லியிருப்பாள். அவள் கேட்டதே அதற்காகத்தானோ என்னவோ. அவருக்குத் தன் ஞாபகத்துக்குள் ஓடி ஓடித் தேடத் தோன்றியதே தவிர, பக்கத்தில் இருக்கிறவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்கத் தோன்றவில்லை. “ஒனக்கு இன்னா புடிக்கும்” என்றார், வாய்விட்டு. நிறுத்தத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த ஒருவன் திரும்பி, “என்னங்க பெரியவரே?” என்றான். “ஒண்ணுமில்ல” என்றார். பிறகு, “பாகூருக்கு அடுத்த பஸ் எப்ப?” என்றார். “ஏழு மணி ஆவும்.” அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஏழு மணிக்கு ஏற வேண்டும், தம்பி வீடு எந்தத் தெரு என்று விசாரிக்க வேண்டும், கதவைத் தட்ட வேண்டும், யார் திறந்தாலும் வேறு எதுவும் பேசாமல் அவளைக் கூப்பிட்டு இதை மட்டும் கேட்க வேண்டும். சோறு கேட்கக் கூடாது. வாய் தவறிக்கூட சோறு கேட்டுவிடக் கூடாது. ஒனக்கு இன்னா புடிக்கும், ஒனக்கு இன்னா புடிக்கும் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார், நிறுத்தினால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.